பிழை சாயும் பக்கம்

(நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1982ஆம் ஆண்டு பஞ்சாப் மாநிலம் அமிர்தசரஸில் ஒரு கரு கலைக்கப்பட்டது. கருவுற்ற பெண்ணின் பனிக்குட நீரைச் சோதித்து, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் தனியார் மருத்துவமனை ஒன்று அந்த ஊரில் சில ஆண்டுகளாகவே வெளிப்படையாக விளம்பரம் செய்து நடந்துவந்தது. அதைத் தடுக்கும் சட்டம் அன்று இல்லை. செல்வாக்குள்ள ஒரு குடும்பம் சோதனைக்குப் போனது. பெண் என்று முடிவு வந்தது. கலைத்தார்கள். கலைத்த பிறகுதான் அது ஆண் என்று தெரிந்தது.

நாடு கொந்தளித்தது. பத்திரிகைகள் எழுதின. கருவின் பாலினச் சோதனை என்ற ஒன்று நடக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே சோதனை சரியாகச் சொன்னதால் அழிக்கப்பட்ட பெண் கருக்களுக்காக அந்த அளவு கோபம் எழவில்லை. சோதனை பிழைத்தபோதுதான் எழுந்தது. பெண்கள் அமைப்புகள் அந்தக் கோபத்தைச் சரியான திசைக்குத் திருப்பப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1988இல் மகாராஷ்டிரம் முதன்முதலாகச் சட்டம் கொண்டுவந்ததற்கு மும்பைப் பெண்களின் அந்தப் போராட்டமே காரணம்.

அந்தப் பிழையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். ஆணைப் பெண் என்று சொன்னது தற்செயலா? நாணயத்தைச் சுண்டியதுபோல் இப்படியோ அப்படியோ விழுந்திருக்கக்கூடியதா? இல்லை. கருவின் பாலினத்தைச் சொல்லும் முறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவை தவறும்போது பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்வது தெரியும். அந்தப் பக்கம் ‘பெண்’.

பனிக்குட நீர்ச் சோதனையிலிருந்தே தொடங்குகிறேன். 1949இல் கனடாவைச் சேர்ந்த மர்ரே பார், தன் மாணவர் பெர்ட்ராமுடன் பூனையின் நரம்பு செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெண் பூனையின் செல்லுக்குள் மட்டும் ஒரு சிறு கரும்புள்ளி இருப்பதைக் கண்டார். பெண்ணிடம் இருக்கும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று சுருண்டு ஒடுங்கிக் கிடக்கும் தடம் அது என்பது பின்னால் தெளிவானது. 1956இல் கோபன்ஹேகனில் ஃபுக்ஸ், ரீஸ் என்ற இரு டென்மார்க் மருத்துவர்கள் பனிக்குட நீரில் மிதக்கும் செல்களில் அந்தப் புள்ளியைத் தேடினார்கள். புள்ளி இருந்தால் பெண், இல்லாவிட்டால் ஆண். எதற்காகத் தேடினார்கள் தெரியுமா? ஹீமோஃபிலியா என்ற, இரத்தம் உறையாத நோய்க்காக. தாய் அந்த நோயின் மரபணுவைச் சுமப்பவளாக இருந்தால் அவள் பெறும் ஆண் குழந்தைகளில் பாதிப் பேருக்கு நோய் வரலாம். ஆணா என்று தெரிந்துகொள்வது அந்தத் தாய்க்குத் தேவையாக இருந்தது. ஆண் குழந்தைகளுக்கு வரும் நோய்க்காகக் கண்டுபிடிக்கப்பட்ட சோதனை, 20 ஆண்டுகளுக்குள் நம் நாட்டில் பெண் குழந்தைகளை ஒழிக்கும் கருவியானது.

அந்த ஊசி எப்படிப் போகிறது என்று பாருங்கள். தாயின் வயிற்றுத் தோல், தசை, கருப்பைச் சுவர் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு பனிக்குடத்துக்குள் போகிறது. போகும் வழியில் தாயின் செல்களும் அதோடு வரலாம். தாய் பெண். அவள் செல்லை எடுத்துப் பார்த்தால் பெண் என்றுதான் தெரியும். ஆகவே மாதிரி கெட்டுப்போனால், கவனமில்லாத சோதனைக்கூடம் சொல்லும் விடை ‘பெண்’. முதலில் வரும் சில துளிகளை ஒதுக்கிவிட்டு அடுத்து வருவதை எடுப்பது, தாயின் இரத்தத்தோடு ஒப்பிடுவது என்று நல்ல கூடங்கள் இதைத் தவிர்க்கின்றன. விளம்பரப் பலகை மாட்டி அவசரமாகக் காசு பார்த்த இடங்களில் அந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியுமா?

அடுத்தது ஸ்கேன். இங்கே இருப்பவர்களில் பலரும் இதைத்தான் அறிவீர்கள். கரு உருவானபோதே குரோமோசோம் கணக்கில் ஆண், பெண் முடிவாகிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் உடலில் அது தெரிய நாளாகும். ஏறத்தாழ ஆறு வாரம் வரைக்கும் விந்தகமாகப் போவதும் சூலகமாகப் போவதும் ஒரே திசுதான். ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய் என்ற மரபணுதான் அந்தத் திசுவை விந்தகமாகத் திருப்புகிறது என்று 1990இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். வெளியுறுப்பும் அப்படியே. தொடக்கத்தில் இருபாலருக்கும் ஒரே மாதிரி ஒரு சிறு மொட்டு. அது ஆணுக்கு நீண்டு ஆண்குறியாகிறது. பெண்ணுக்குச் சிறுத்து நின்றுவிடுகிறது. 11ஆம் வாரத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆகவே அந்த வாரங்களில் ஸ்கேன் பார்ப்பவர் மொட்டின் நீளத்தைப் பார்ப்பதில்லை, கோணத்தைப் பார்க்கிறார். முதுகுத்தண்டின் கோட்டிலிருந்து மொட்டு நிமிர்ந்து நின்றால் ஆண், படுத்தவாக்கில் இருந்தால் பெண்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் பேராசிரியர் நிகோலைடஸின் குழு 1999இல் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தது. 172 கர்ப்பங்கள். உலகத்திலேயே தேர்ந்த கைகள், நல்ல கருவிகள். 13ஆம் வாரத்தில் எல்லா விடையும் சரி. 12ஆம் வாரத்தில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 சரி. 11ஆம் வாரத்தில் நூற்றுக்கு 70 மட்டுமே சரி. இந்த 70 என்ற எண்ணைப் பலரும் சொல்வார்கள். அதற்குள் இருக்கும் இன்னொரு கணக்கைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். 11ஆம் வாரத்தில் பெண் கருவை ஆண் என்று தவறாகச் சொன்னது நூற்றுக்கு 5. ஆண் கருவைப் பெண் என்று தவறாகச் சொன்னது நூற்றுக்கு 56. பாதிக்கு மேல்! மொட்டு இன்னும் நிமிரவில்லை, அதனால் பெண் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான்.

வாரம் கூடினால் பிழை குறையும். 20 வாரத்துக்குப் பிறகு நல்ல ஸ்கேனில் தவறு அபூர்வம். அப்போதும் குழந்தை காலை மடக்கிக் குறுக்கிவைத்திருந்தால், தொப்புள்கொடி தொடைகளுக்கு நடுவே வந்துவிட்டால், தாயின் ஹார்மோனால் பெண் குழந்தையின் உறுப்பின் மடல்கள் வீங்கியிருந்தால் ஏமாறலாம். இவற்றில் கொடியும் வீக்கமும் ஆண் பக்கம் இழுக்கும் பிழைகள். ஆனால் கள்ளத்தனமாகச் சோதனை செய்பவர்கள் 20 வாரம் காத்திருப்பதில்லை. கலைப்பது எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக முடிந்தவரை சீக்கிரமே பார்க்கிறார்கள்.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. 1997இல் டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் விஞ்ஞானியும் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களும், ஆண் குழந்தையைச் சுமக்கும் தாயின் இரத்தத்தில் ஒய் குரோமோசோமின் துணுக்குகள் மிதப்பதைக் கண்டார்கள். அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்பவை. இரண்டு பேர் எழுதிய கடிதங்களைச் சுக்குநூறாகக் கிழித்து ஒரே பையில் போட்டுக் குலுக்கியதுபோல, தாயின் துணுக்குகளுக்கு நடுவே குழந்தையின் துணுக்குகள் கொஞ்சமாகக் கலந்து கிடக்கும். அதில் ஒய் துணுக்கு அகப்பட்டால் ஆண். அகப்படாவிட்டால்? பெண் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பெண்ணுக்கென்று தனி அடையாளம் எதையும் அங்கே தேடுவதில்லை. ஆண் இல்லை என்பதிலிருந்து பெண் என்று ஊகிக்கிறார்கள். கர்ப்பம் இளசாக இருந்து குழந்தையின் பங்கு மிகவும் குறைவாக இருந்தால் ஒய் கண்ணில் படாமல் போகும், விடை பெண் ஆகிவிடும். 2011இல் இத்தகைய 57 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆண் கருவில் நூற்றுக்கு 95.4 சரியாகப் பிடிபட்டது. பெண் கருவில் 98.6. ஏழு வாரத்துக்கு முன் எடுத்தால் நம்பவே முடியாது என்றும் கண்டார்கள். இன்றைய முறைகள் குழந்தையின் பங்கு எவ்வளவு என்று அளந்துவிட்டுத்தான் விடை சொல்கின்றன, அதனால் பிழை இன்னும் குறைவு. ஆனாலும் சாய்வு எந்தப் பக்கம் என்று கவனித்தீர்களா?

எதிர்ப்பக்கப் பிழைக்கும் காரணங்கள் உண்டு. இரட்டையராகத் தொடங்கி ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோகும். கரைந்தது ஆணாக இருந்தால் அதன் துணுக்கு சில வாரம் தங்கி, பிழைத்திருக்கும் பெண்ணை ஆண் என்று காட்டும். ஆணிடமிருந்து சிறுநீரகமோ எலும்பு மஜ்ஜையோ பெற்ற தாய்க்கும் அப்படி நேரலாம். முன்பு பெற்ற மகனின் செல்கள் தாயின் உடலில் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகின்றன என்று 1996இல் கண்டுபிடித்தபோது, அதுவும் குழப்பும் என்று அஞ்சினார்கள். ஆனால் இரத்தத்தில் மிதக்கும் துணுக்குகள் பிரசவமான சில மணி நேரத்தில் மறைந்துவிடுகின்றன. மகனின் செல்கள் தாயோடு வயதாகின்றன என்பதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும். மகளின் செல்களும் அப்படியே தங்குகின்றன. அவற்றைத் தாயின் செல்களிலிருந்து பிரித்துக் காண்பது கடினம் என்பதால் ஆய்வுகள் மகன்களைப் பற்றியே பேசுகின்றன.

வயிறு உருண்டையா கூராக இருக்கிறதா, புளிப்புக்கு நாக்கு ஏங்குகிறதா, எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறாள் என்று நம் வீடுகளில் பார்க்கும் குறிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பண்டைய எகிப்தில் கோதுமையிலும் பார்லியிலும் சிறுநீர் ஊற்றிப் பார்த்தார்கள். சீன நாட்காட்டி என்று ஒன்றைச் செல்பேசியில் அனுப்பிக்கொள்கிறார்கள். ஸ்வீடனில் 28 லட்சம் பிரசவப் பதிவுகளோடு அதை ஒப்பிட்டபோது சரியாக இருந்தது பாதிக்குப் பாதி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே பாதிதான். ஆனால் இந்தக் குறிகளைத் தீங்கற்றவை என்று நான் தள்ளிவிட மாட்டேன். ‘வயித்தப் பார்த்தா பொட்டப்புள்ளதான்’ என்று வளைகாப்பு அன்றே ஒரு கிழவி சொல்லிவிட்டால், அந்த வீட்டில் அந்த மருமகளின் மீதி மாதங்கள் எப்படிப் போகும் என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும்.

சரி, பிழை நேர்ந்தால் என்ன ஆகிறது? அமெரிக்காவில் 2005இல் ஒரு நிறுவனம், ஐந்தே வாரத்தில் இரத்தத்தைச் சோதித்து 99.9 சதவீதம் சரியாகச் சொல்வதாக விளம்பரம் செய்தது. சில மாதங்களில் விடை மாறிப்போன தாய்மார்கள் ஒன்றுகூடி நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்குத் தொடுக்க முடிந்தது என்பதைக் கவனியுங்கள். குழந்தை பிறந்தது, பிழை தெரிந்தது, கேள்வி கேட்டார்கள். லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்கும் நம் பிள்ளைகள் 20 வார ஸ்கேனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். தவறாகச் சொல்லிவிட்டால் அதிகபட்சம் வாங்கிவைத்த சட்டையின் நிறம் மாறும்.

இங்கே நிலைமை வேறு. 2023 நவம்பரில் கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்தில் வெல்லம் காய்ச்சும் கரும்பாலையில் ஸ்கேன் கருவியை வைத்துப் பாலினம் சொல்லிவந்த கும்பலைப் போலீசார் பிடித்தார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலும் காட்டு வீடுகளில் இப்படிப்பட்ட கும்பல்கள் பிடிபட்ட செய்திகளைப் படித்திருப்பீர்கள். சிறு கருவியைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். ஸ்கேன் பார்ப்பவருக்குப் பல நேரம் மருத்துவப் படிப்பே இல்லை. பார்த்துச் சொல்லும் ஆளுக்கும் கலைக்கும் ஆளுக்கும் ஒரே தரகர்.

இப்போது நான் சொல்லும் கணக்கை மனத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே தெரியாத ஒருவன், திரையில் ஏதோ காட்டி, வாய்க்கு வந்தபடி ஐம்பது பேருக்கு ஆண் என்றும் ஐம்பது பேருக்குப் பெண் என்றும் சொல்கிறான். ஆண் என்று கேட்டவர்கள் பிரசவம் வரை போகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 25 பேருக்குப் பெண் பிறக்கும். திட்டுவார்கள். பெண் என்று கேட்ட ஐம்பது பேரும் கலைத்துவிட்டால் அதில் எத்தனை தவறு என்று யாருக்குத் தெரியும்? ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். நூற்றுக்கு ஐம்பது தவறு செய்தவன் ஊரில் நூற்றுக்கு 75 சரியாகச் சொல்பவன் என்று பேர் வாங்குவான். இன்னும் கொஞ்சம் பெண் பக்கம் சாய்ந்து சொன்னால் பேரும் கூடும், கலைப்புப் பணமும் கூடும். உண்மை தெரிய வேண்டிய கட்டாயமே இல்லாத வியாபாரம் இது. அதற்குத் தேவை ‘பெண்’ என்ற ஒரு சொல் மட்டும்.

ஆண் வாரிசை இழந்துவிடுவீர்கள் என்று உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அமிர்தசரஸ் கோபத்தின் குறையே அதுதானே! சோதனை நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும், பெண் என்பதற்காக ஒரு கருவை அழிப்பது அதே கொடுமைதான். கருக்கலைப்பையும் நான் குறை சொல்லவில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தகுந்த காரணத்துக்காகப் பாதுகாப்பாகக் கருவைக் கலைத்துக்கொள்ளப் பெண்ணுக்கு வழி இருக்கிறது, இருக்கவும் வேண்டும். காட்டு வீட்டில் கலைக்கப்போய் இரத்தப்போக்கில் உயிரை விடுவது அந்த வழியை அறியாத, அல்லது கணவன் வீட்டாரால் இழுத்துச் செல்லப்படும் பெண்தான்.

இதில் யாரும் எழுதாத ஒருத்தி இருக்கிறாள். ஆண் என்று காசு வாங்கிச் சொன்ன வாக்கு பொய்த்துப் பிறந்த பெண் குழந்தை. பிரசவ வார்டில் அவளைப் பார்த்திருக்கிறேன். தொப்புள்கொடி அறுத்த கையோடு தாயிடம் காட்டினால், ‘நல்லா பாருங்க டாக்டரம்மா, பையன்னுதான சொன்னாங்க’ என்று அழுவாள். வெளியே மாமியார், ‘கொழந்தைய மாத்திட்டீங்களா?’ என்று செவிலியரிடம் சண்டைக்கு நிற்பார். மாமனார் குழந்தை முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுவார். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் தருகிறாளா என்று நாங்கள் மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். பிறந்த பெண்ணைக் கொல்லும் வழக்கம் உசிலம்பட்டிப் பக்கம் இருந்ததை 1986இல் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டதும் அந்தக் கொடுமையைத் தடுக்கத்தான். எண்களும் இதைச் சொல்கின்றன. 1991இல் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்த பெண் குழந்தைகள் 849. இயற்கையாக விட்டிருந்தால் பிறப்பிலேயே 950 அளவுக்கு இருந்திருக்க வேண்டும். 2011இல் சேலம் 916க்கு ஏறியது. நாடு முழுவதற்குமான எண்ணோ 945இலிருந்து 918க்கு இறங்கியது.

ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே அடங்காத குழந்தைகளும் பிறக்கிறார்கள். குரோமோசோம் எக்ஸ் ஒய் ஆக இருந்தும், உடல் ஆண் ஹார்மோனுக்குச் செவிசாய்க்காததால் முழுக்கப் பெண்ணாகவே பிறப்பவர்கள் உண்டு. அட்ரீனல் சுரப்பிக் கோளாறால் பெண் குழந்தையின் உறுப்பு ஆணுடையதுபோல் பெருத்திருப்பதும் உண்டு. இரத்தம் ஒன்று சொல்லும், ஸ்கேன் ஒன்று சொல்லும். இரண்டு சோதனையும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். இத்தகைய குழந்தைகளை அவசரமாக அறுத்து ஏதோ ஒரு பாலாக ஆக்கக்கூடாது என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற சமயங்களில் அத்தகைய அறுவைக்குத் தடை விதித்து ஆணையிட்டது. நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய ஆணை அது.

பாலினச் சோதனையைத் தடுக்கும் சட்டத்தைச் சொல்லி முடிக்கிறேன். 1994இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 1996 முதல் நடப்பில் இருக்கிறது. 2003இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். மரபு நோய்கள், குறைபாடுகள் முதலியவற்றைக் கண்டறியச் சோதனை செய்யலாம். பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வகையாலோ தெரிவிக்கக்கூடாது. ஸ்கேன் கூடத்தில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். முதல் முறை மீறும் மருத்துவருக்கு மூன்றாண்டு வரை சிறை. இதில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு இருக்கிறது. சோதனைக்குப் போன கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ வற்புறுத்தி அழைத்துப்போனதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். வற்புறுத்தப்பட்டவளுக்குத் தண்டனை கிடையாது. சட்டம் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். 2024இல் நம் ஊர் யூடியூபர் ஒருவர் துபாயில் ஸ்கேன் எடுத்து, பாலினத்தை விழா வைத்து அறிவித்து வீடியோ வெளியிட்டார். நலவாழ்வுத் துறை நோட்டீஸ் அனுப்பியது. லட்சக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் அந்த விழாவைக் கொண்டாட்டமாகக் காட்டியது எனக்கு வருத்தமளித்தது. அதைப் பார்த்து ஆசைப்படும் எல்லோருக்கும் துபாய் போக வசதியில்லை. அவர்கள் தேடிப்போவது காரில் வரும் கருவியை.

இங்கே மாமியாராக, மாமனாராக உட்கார்ந்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மருமகளை ஸ்கேனுக்கு அழைத்துப்போகும்போது குழந்தையின் இதயம் துடிக்கிறதா, முதுகெலும்பு நன்றாக இருக்கிறதா, எடை போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இவற்றைச் சொல்ல எங்களுக்குச் சட்டமும் இடம் தருகிறது, எங்கள் படிப்பும் இடம் தருகிறது. உங்கள் ஊரில் யாராவது ‘என்ன குழந்தைன்னு பார்த்துச் சொல்றேன்’ என்று வந்தால் 104 எண்ணுக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.